வெள்ளத்தில் இடிந்தால் நிவாரணம். மட்டமான பொருளால் இடிந்தால்?

புது தில்லி: ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அரசுத் திட்டங்களின் கீழ் கட்டப்பட்ட வீடுகளின் தரம் குறித்த சர்ச்சை ஒவ்வோர் ஆட்சி மாற்றத்தின்போதும் எழுவதும், சில மாதங்களில் அடங்கிவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது. முந்தைய ஆட்சியில் ஊழல் நடந்தது என்று புதிய ஆட்சி கூறும். பழிவாங்கும் நடவடிக்கை என்று பழைய ஆட்சி பதில் கூறும். ஆனால், தரம் குறைந்த செங்கல்லாலோ, சிமென்டாலோ, மணலாலோ வீடு பழுதானால் அதில் குடியிருப்பவருக்கு அரசு என்ன தர வேண்டும் என்ற கேள்விக்கு இரு தரப்பும் பதில் கூறியதில்லை. மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டங்களிலும் அப்படியோர் இழப்பீட்டுக்கு இடமில்லை.

இந்தக் கேள்வியின் கனத்தை 2021 நவம்பரில் பெய்த பெருமழை உணர்த்தியது. அப்போது ஒரே மாவட்டமாக இருந்த சித்தூரில் சுவர்ணமுகி ஆறு (தமிழில் பொன்முகலி) கரைபுரண்டது. திருச்சானூர் அருகே ஆற்றங்கரை வீடு ஒன்று வெள்ளத்தில் சரிந்து விழுந்த காட்சி நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. ராயலசெருவு ஏரிக் கரையில் கசிவு ஏற்பட்டதால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில் நிலத்துக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியின் வளையங்கள் தரைக்கு மேலே எழும்பி நின்றன. அருகில் இருந்த சில வீடுகளில் விரிசல் விழுந்தது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் அப்போதைய விதிகளின்படி, சமவெளிப் பகுதியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ. 95,100, குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த கல்வீட்டுக்கு ரூ. 5,200. பின்னர் 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு இத்தொகைகள் முறையே ரூ. 1,20,000, ரூ. 6,500 என உயர்த்தப்பட்டன. ஐயாயிரம் ரூபாயில் ஒரு சுவரைக்கூட எழுப்ப முடியாது என்பது வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, சேதத்துக்கான காரணம் எழுதப்படும் பகுதி. புயல், வெள்ளம், நிலநடுக்கம், தீ, நிலச்சரிவு என்று அறிவிக்கப்பட்ட பேரிடர்களில் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். கலவையில் சிமென்ட் குறைந்ததும், செங்கல் ஊறி உதிர்ந்ததும் பேரிடர் அல்ல. ஒரே தெருவில், ஒரே அளவு விரிசல் கண்ட இரு வீடுகளில் ஒன்றுக்கு நிவாரணம் உண்டு. மற்றொன்றுக்கு எதுவும் இல்லை. வெள்ளத்தின்போது விழுந்த வீடுகளில் எத்தனை நீரால் மட்டும் விழுந்தவை, எத்தனை ஏற்கெனவே வலுவிழந்து நின்றவை என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் கிடையாது. பிரித்துப் பார்ப்பது வீட்டுக்காரருக்கும் நல்லதல்ல. வலுவிழந்து நின்றது என்று எழுதப்பட்டால் கிடைக்கும் ஐயாயிரமும் கிடைக்காது.

மூன்று ஆட்சிகள், மூன்று திட்டங்கள்: ஆந்திர அரசியலில் வீடு என்பது வெறும் நலத்திட்டம் அல்ல; ஆட்சிகளின் முகவரி. காங்கிரஸ் முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2006-ல் தொடங்கிய இந்திரம்மா திட்டம், ஒரு கிராமத்தில் வீடில்லாத குடும்பமே இல்லை என்ற நிலையை எட்டுவோம் என்று முழங்கியது. சித்தூர் மாவட்டம் பீலேரு தொகுதியிலிருந்து வந்த கிரண்குமார் ரெட்டி 2010 முதல் 2014 வரை முதல்வராக இருந்தபோதும் அத்திட்டம் தொடர்ந்தது. அதே மாவட்டத்தின் நாராவாரிபள்ளியில் பிறந்து, குப்பம் தொகுதியிலிருந்து 1989 முதல் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் என். சந்திரபாபு நாயுடு 2014-ல் முதல்வரானதும், நகர்ப்புற ஏழைகளுக்கு நகரியக் கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம் (டிட்கோ) மூலம் 300, 365, 430 சதுர அடி அடுக்குமாடி வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. 2019-ல் வந்த ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி, 2020 டிசம்பரில் சுமார் 30 லட்சம் மனைப் பட்டாக்களை வழங்கி, ஜெகனண்ணா காலனிகளை அறிவித்தார். திருப்பதிப் பகுதிக்கான பட்டா வழங்கும் விழா ஸ்ரீகாளஹஸ்தி அருகே ஊரந்தூரில் அந்த மாதம் 28-ம் தேதி நடந்தது.

ஒவ்வொரு திட்டத்தைப் பற்றியும் எதிரணிக்கு ஒரு புகார் உண்டு. இந்திரம்மா வீடுகளில் பல காகிதத்தில் மட்டுமே இருப்பதாகத் தெலுங்கு தேசம் கூறியது. டிட்கோ வீடுகளின் கட்டுமானச் செலவு அளவுக்கு மீறியது என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கூறி, மறு ஒப்பந்தப்புள்ளி கோரியது. தாழ்வான, ஊருக்கு ஒதுக்குப்புறமான நிலங்களை வாங்கி ஜெகனண்ணா காலனிகள் அமைக்கப்பட்டதாகவும், ஒப்பந்ததாரர்கள் கட்டிய வீடுகள் தரமற்றவை என்றும் தெலுங்கு தேசம் கூறியது. இந்தப் புகார்கள் அனைத்தும் அரசுப் பணம் எங்கே போனது என்பதைப் பற்றியவை. விசாரணை நடந்தாலும், குற்றம் உறுதியானாலும், மீட்கப்படும் பணம் கருவூலத்துக்கே செல்லும். விரிசல் விழுந்த சுவருக்குள் இருப்பவர் இந்த விசாரணைகளில் சாட்சியாக அழைக்கப்படலாம், அவ்வளவுதான்.

2024 ஜூனில் மீண்டும் முதல்வரான சந்திரபாபு நாயுடுவின் அரசு, 2025 மார்ச்சில் ஒரு கூடுதல் உதவியை அறிவித்தது. பாதியில் நின்ற வீடுகளை முடிக்க ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோருக்கு ரூ. 50,000, பழங்குடியினருக்கு ரூ. 75,000, மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு ரூ. 1 லட்சம் என்பது அந்த அறிவிப்பு. வரவேற்கத்தக்கதே. ஆனால், இது முடியாத வீட்டை முடிப்பதற்கு. முடிந்து, உதிரத் தொடங்கிவிட்ட வீடு இந்தக் கணக்கில் வராது.

'கட்டியவர்' பயனாளியே: சிக்கலின் வேர் தில்லியில் இருக்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூன் 25-ல் தொடங்கப்பட்டது. அதில் பெரும் பங்கு வகிப்பது 'பயனாளியே கட்டிக்கொள்ளும் வீடு' என்ற பிரிவு. மத்திய அரசு ரூ. 1.5 லட்சம் தரும். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும். ஆந்திரத்தில் அந்தப் பங்கு ரூ. 30,000, ஆக வீடு ஒன்றுக்கு ரூ. 1.80 லட்சம், பரப்பு 340 சதுர அடி. வீட்டைக் கட்டுபவர், சட்டத்தின் பார்வையில், பயனாளியே.

ஜெகன் அரசு பயனாளிகளுக்கு மூன்று வாய்ப்புகளை அளித்தது. கட்டுமானப் பொருள்களை அரசிடம் பெற்றுக் கூலியைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தாங்களே வாங்கிக் கட்டி, பணத்தை தவணைகளில் பெறலாம். அல்லது முழுப் பொறுப்பையும் அரசிடமே விட்டுவிடலாம். மூன்றாவது வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தவர்களில் கையில் பணம் இல்லாதவர்கள், தனியே வாழும் பெண்கள், முதியவர்கள் அதிகம் இருப்பது இயல்பே. அவர்களின் வீடுகள் ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் பயனாளியின் பெயரிலேயே இருந்தது. சிமென்டைத் தேர்ந்தெடுத்தது வீட்டு வசதிக் கழகம். கொத்தனாரைத் தேர்ந்தெடுத்தது ஒப்பந்ததாரர். மேற்பார்வையிட்டது உதவிப் பொறியாளர். ஆனால், 'கட்டியவர்' அந்த மூதாட்டி!

கட்டுமானப் பொருளின் தரத்தை அளக்க நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. சுட்ட செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் அது தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 1077). ஆற்று மணலில் கலந்திருக்கும் மிக நுண்ணிய களிமண் துகள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மற்றொன்று (ஐ.எஸ். 383). சாம்பல் கலந்த பொசலானா சிமென்டைப் பயன்படுத்தினால் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான் (ஐ.எஸ். 456). குடிநீர்க் குழாயே வராத புதிய மனைப்பிரிவில், கோடையில், பத்து நாள்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மூன்று மாதங்களுக்கு மேல் கிடங்கில் கிடந்த சிமென்ட் மூட்டை வலுவிழக்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். கிடங்கிலிருந்து வந்த மூட்டையைத் திருப்பி அனுப்பும் உரிமை கொத்தனாருக்கு இருந்ததா என்பதே கேள்வி.

சிமென்ட், முறுக்குக் கம்பி ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை பெற்ற பொருள் தரத்துக்கு ஏற்ப இல்லையெனில் நுகர்வோருக்கு இழப்பீடு தருமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிட, இந்தியத் தர நிர்ணய அமைப்புச் சட்டத்தின் (2016) 31-வது பிரிவு இடமளிக்கிறது. செங்கல்லும் மணலும் முத்திரையோடு வருபவை அல்ல. சிமென்ட் நன்றாக இருந்து, கலவை கெட்டிருந்தால் தயாரிப்பாளரைக் குறை கூறவும் முடியாது. வீடுகள் பழுதாவதில் பெரும்பகுதி, எந்த ஒரு பொருளின் மீதும் தனியே பழி போட முடியாத இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

தில்லிக்கு ஒரு நீதி: அரசு கட்டித் தந்த வீடு பழுதானால் இழப்பீடே தர முடியாது என்பதல்ல. தலைநகரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. வடக்கு தில்லி முகர்ஜி நகரில் தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டி விற்ற சிக்னேச்சர் வியூ குடியிருப்பு 12 கோபுரங்களில் 336 வீடுகளைக் கொண்டது. குடியேறிய சில ஆண்டுகளிலேயே கூரையும் தூணும் உதிரத் தொடங்கின. ஐஐடி தில்லி ஆய்வு நடத்தியது. கான்கிரீட்டில் குளோரைடு அளவு மிகுந்திருந்ததும், அதனால் உள்ளிருந்த கம்பிகள் துருப்பிடித்ததும் தெரியவந்தது. கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது.

2024 டிசம்பர் 23-ல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இது: குடியிருப்போர் வெளியேற வேண்டும், டிடிஏ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தர வேண்டும், அதுவரை பெரிய வீட்டுக்கு மாதம் ரூ. 50,000, நடுத்தர வீட்டுக்கு ரூ. 38,000 வாடகையாகத் தர வேண்டும். சித்தூரில் ஓர் ஏழைக்கு முழு வீடும் கட்ட ஒதுக்கப்பட்ட ரூ. 1.80 லட்சம், முகர்ஜி நகரில் பெரிய வீட்டின் நான்கு மாத வாடகைக்குக்கூடப் போதாது.

நீதிமன்றம் செய்தது சரியே. அங்கே குடியிருப்போரின் கையில் விலை கொடுத்து வாங்கிய பத்திரம் இருந்தது. அரசு அமைப்பு வீடு கட்டி விற்பதும் 'சேவை'யே என்றும், குறைபாட்டுக்கு அது பொறுப்பேற்க வேண்டும் என்றும் 1993 நவம்பரில் லக்னௌ வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான எம்.கே. குப்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தவறு செய்த அதிகாரியிடமிருந்தே தொகையை வசூலிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆனால், நுகர்வோர் என்றால் விலை கொடுத்தவர். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தர்க்கம் இலவச வீட்டுக்கும் பொருந்தும் என்று அரசு வழக்கறிஞர் வாதிடுவதற்குத் தடையில்லை.

அந்த வாதத்துக்கு மறுப்பும் இருக்கிறது. வீட்டு வசதிக் கழகம் வழங்கிய சிமென்டும் கம்பியும் இலவசம் அல்ல. அவற்றின் விலை, பயனாளிக்குச் சேர வேண்டிய ரூ. 1.80 லட்சத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது. அரசு தந்தது பணம். அந்தப் பணத்துக்கு அரசே விற்றது சரக்கு. அப்படியானால் அங்கே விற்பனை நடந்திருக்கிறது, வாங்கியவர் நுகர்வோர். டிட்கோவின் 300 சதுர அடி வீட்டை ஒரு ரூபாய்க்குத் தருவதாக ஜெகன் அரசு விளம்பரப்படுத்தியது இன்னும் சுவையானது. விலை போதுமானதா என்று பார்க்கத் தேவையில்லை, விலை என்று ஒன்று இருந்தால் போதும் என்பது 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே வரும் கோட்பாடு. அரசியல் மேடைக்காக நிர்ணயிக்கப்பட்ட அந்த ஒரு ரூபாய், நுகர்வோர் ஆணையத்தில் பெரும் மதிப்பு பெறக்கூடும்.

அயர்லாந்தும் திருவொற்றியூரும்: வீட்டு உரிமையாளர் தவறே செய்யாமல், சந்தையில் கிடைத்த பொருளே கெட்டிருந்தால் அரசு என்ன செய்யலாம் என்பதற்கு அயர்லாந்து அண்மைக்கால உதாரணம். அந்நாட்டின் டோனகல், மேயோ பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் கான்கிரீட் கற்களில் கலந்திருந்த மைக்கா உள்ளிட்ட கனிமங்களால் பொடிந்தன. (திருப்பதிக்கு வடகிழக்கே கூடூர் வட்டாரத்தில் சுரங்க முதலாளிகளைச் செல்வந்தர்களாக்கியதும் இதே மைக்காதான்.) 2020-ல் அந்நாட்டு அரசு செலவில் 90 சதவீதத்தை ஏற்க முன்வந்தது. எஞ்சிய 10 சதவீதத்தை நாங்கள் ஏன் தர வேண்டும் என்று கேட்டு 2021-ல் மக்கள் டப்ளின் வீதிகளில் திரண்டனர். 2022-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 4,20,000 யூரோ என்ற உச்சவரம்புக்குள் முழுச் செலவையும் ஏற்க வழி செய்தது. வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. 2023 செப்டம்பரில் கான்கிரீட் பொருள்கள் மீது 5 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. கெட்ட சரக்கை விற்ற தொழிலே சுமையில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், தீர்வையைச் செலுத்தப்போவது புதிதாக வீடு கட்டுபவர்தானே என்ற விமர்சனமும் எழாமல் இல்லை.

அயர்லாந்தின் செல்வம் இந்தியாவிடம் இல்லை என்பது உண்மை. எனினும் அங்கே கெட்ட கல்லை அரசு வழங்கவில்லை; தனியார் விற்றனர். மேற்பார்வையில் தவறியது மட்டுமே அரசின் குற்றம். சித்தூரிலோ சரக்கை வழங்கியதே அரசு.

தமிழகமும் இவ்விஷயத்தில் முன்மாதிரி அல்ல. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் 1,920 வீடுகள் கொண்ட புதிய கட்டடங்களின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. ஐஐடி மெட்ராஸின் நிபுணர்கள் ஆய்வு செய்தனர். பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் கட்டடம் சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. குடும்பத்துக்கு ரூ. 1 லட்சமும் மாற்று வீடும் தரப்படும் என முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். விரைந்த நடவடிக்கைதான். ஆனால், அது அறிவிப்பு. தொலைக்காட்சியில் வராத விரிசலுக்கு அத்தகைய அறிவிப்பு வருவதில்லை.

என்ன செய்யலாம்?: தங்குமிடம் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சமேலி சிங் வழக்கில் 1995 டிசம்பரில் கூறியது. அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால், நகரி, புத்தூரிலிருந்து அமராவதி வரை சென்று வழக்காடுவது 340 சதுர அடி வீட்டுக்காரருக்கு இயலுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிட எளிய வழி ஒதுக்கீட்டு ஆணையிலேயே இருக்கிறது. சாலை போடும் ஒப்பந்ததாரரிடம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என ஒன்றை நிர்ணயித்து, அதுவரை பிணைத்தொகையைப் பிடித்து வைக்கும் வழக்கம் பொதுப்பணித் துறையில் நெடுங்காலமாக உள்ளது. ஒரு கிலோ மீட்டர் தார்ச்சாலைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, அரசு ஒப்பந்ததாரர் கட்டும் ஏழையின் வீட்டுக்கும் பெயரளவில் அன்றி நடைமுறையில் இருக்க வேண்டும். அதைக் கோரும் உரிமை துறைக்கு மட்டுமன்றி பயனாளிக்கும் வேண்டும். அரசு வழங்கும் ஒவ்வொரு தொகுதிச் சரக்குக்கும் சோதனைச் சான்று உண்டெனில் அதன் நகல் வீட்டுக்காரரின் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் அவர் எந்த ஆணையத்தின் முன்பும் எதையும் நிரூபிக்க முடியாது. மத்திய அரசின் திட்டத்தில் மூன்றாம் தரப்புத் தர ஆய்வு ஏற்கெனவே உள்ளது. குறை கண்டுபிடிக்கப்பட்டால் சீரமைப்புச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதையும் சேர்க்க வேண்டும்.

இதில் மாநிலங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு வீட்டுக்குப் பணம் கொடுத்தால் லட்சம் வீடுகளிலிருந்து மனு வரும் என்று நிதித் துறை அஞ்சும். லட்சம் வீடுகள் பழுதாகும் என்று அரசே கருதுமானால், அது இழப்பீட்டுக்கு எதிரான வாதம் ஆகாது. 2024-ல் ஒப்புதல் அளிக்கப்பட்ட பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் மேலும் 1 கோடி குடும்பங்களை இலக்காகக் கொண்டது. உதவி வீடு ஒன்றுக்கு ரூ. 2.5 லட்சம் வரை உயர்ந்திருக்கிறது. பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவு அதிலும் தொடர்கிறது.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். மனை வணிக ஒழுங்காற்றுச் சட்டத்தின் (ரெரா) 14-வது பிரிவு, சாவி பெற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை, சுட்டிக்காட்டிய 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கட்டுநரைப் பணிக்கிறது. தவறினால் இழப்பீடு உண்டு. அரசு ஒப்படைத்த நிலத்தில் விற்பனைக்காக வீடு கட்டும் பொது அமைப்பையும் அச்சட்டம் கட்டுநராகவே கருதுகிறது. எனவே, தனி வீடுகளுக்கு இல்லாவிட்டாலும், திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சித்தூர் நகரங்களின் டிட்கோ அடுக்குமாடிகளுக்கு இப்பிரிவு பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. 2022-ல் சாவி பெற்றவர்களுக்கு அந்தக் கெடு 2027-ல் முடிகிறது. 2023-ல் பெற்றவர்களுக்கு 2028-ல்.